“எனக்கு லட்சியம் எதுவும் இருந்ததில்லை” என்று சாதித்த பெண்கள் சொல்வதை அப்படியே நம்பலாமா?

ஜனவரி 16, காலை (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

முந்தைய தலைமுறைப் பெண் எழுத்தாளர்களின் நேர்காணல்களையும் முன்னுரைகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலோர் ஒரே மாதிரி பேசுகிறார்கள். பொழுது போகாமல் எழுதத் தொடங்கியதாகவும், வீட்டில் தடை சொல்லாததால் தொடர்ந்ததாகவும், பரிசும் பெயரும் தாமாக வந்து சேர்ந்ததாகவும் கூறுகிறார்கள். ஆண் எழுத்தாளர்களோ பதினாறு வயதிலேயே தாம் எழுத்தாளராகத்தான் ஆகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால், அந்தப் பெண்களுக்குத் திறமை இருந்தது, லட்சியம் இருக்கவில்லை என்று முடிவு செய்வதில் என்ன தவறு?

ஜனவரி 16, இரவு (இது முதல் வரும் குறிப்புகள் எல்லாம் என் பதில்கள்)

அப்படி முடிவு செய்தால் அது அவர்களுடைய பேச்சைப் பற்றிய முடிவாக இருக்குமே தவிர, அவர்களைப் பற்றிய முடிவாக இருக்காது. வை.மு. கோதைநாயகி அம்மாளையே எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிக்கூடம் சென்றதில்லை. தமது முதல் படைப்பான ‘இந்திரமோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொண்டார், ஏனென்றால் கையால் கோவையாக எழுதும் பழக்கம் அப்போது அவருக்கு வந்திருக்கவில்லை. அதே பெண்மணிதான் 1925இல், நின்றுபோகும் நிலையில் இருந்த ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, தம் வாழ்நாளின் பிற்பகுதி வரை அதைக் கைவிடாமல் காப்பாற்றினார். 115 நாவல்கள் எழுதினார், மேடையில் பாடினார், பேசினார், விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் சென்றார்.

இதில் நாவல்களின் எண்ணிக்கையை விட இதழை ஏற்ற செய்தியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். கதையை வேறொருவருடைய இதழுக்கு அனுப்பிவிட்டு, அது வருமா திரும்புமா என்று தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் நிலையை அவர் அந்த ஒரே முடிவினால் மாற்றிக்கொண்டார். இதழ் நடத்துவது என்றால் சந்தா சேர்க்க வேண்டும், காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கூலி தீர்க்க வேண்டும், அடுத்த மாதம் எதை வெளியிடுவது என்று இந்த மாதமே கவலைப்பட வேண்டும். பொழுதுபோக்குக்காக எழுதுகிற எவரும் இந்தத் தலைவலியைத் தேடிப் போய் வாங்குவதில்லை.

ஜனவரி 17

“அடக்கம் உண்மையானதாகவும் இருக்கலாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் தமிழில் அவையடக்கம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு மரபு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையைப் போலத் தாம் இராம காதையைச் சொல்லப் புகுந்ததாகக் கம்பர் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். கூறிவிட்டுப் பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் பாடுகிறார். அந்தப் பூனையைச் சான்றாகக் காட்டிக் கம்பருக்கு லட்சியம் இல்லை என்று இன்றுவரை யாரும் வாதிட்டதில்லை. ஆண் புலவர் அடக்கமாகப் பேசினால் அதை மரபு என்கிறோம், பெண் எழுத்தாளர் அதே அடக்கத்தோடு பேசினால் வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறோம். என் மறுப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜனவரி 20

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பல ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு (புரூஃப்) திருத்துபவளாக வேலை பார்த்தவள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் தம் நாவலைத் தம் சொந்தச் செலவில் அச்சிடக் கொண்டுவந்தார். முன்னுரையில், இந்த நாவலுக்காகப் பல ஆண்டுகள் உழைத்ததாகவும், இதைத் தம் வாழ்வின் முக்கியமான காரியமாகக் கருதுவதாகவும் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். முதல் புரூஃபில் அது இருந்தது. இரண்டாம் புரூஃப் அவரிடமிருந்து திரும்பி வந்தபோது, அந்த வாக்கியம் பச்சை மையால் ஒரே கோடாக அடிக்கப்பட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில், “என் கணவரின் ஒத்துழைப்பாலும் பிள்ளைகளின் பொறுமையாலும் இம்முயற்சி கைகூடியது” என்று எழுதப்பட்டிருந்தது. ஏன் அம்மா எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். “படிப்பவர்களுக்குத் திமிராகத் தெரியும்மா” என்றார்.

இங்கே நிறுத்தினால் கேள்வி கேட்டவர் பக்கம்தான் தீர்ப்புப் போகும். ஆனால் அடுத்த வாரம் அட்டை வந்தது. அணிந்துரை வழங்கிய பேராசிரியரின் பெயர் அட்டையில் பெரிய எழுத்திலும், நாவலாசிரியரின் பெயர் அதற்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்திலும் இருந்தன. அம்மையார் கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து இரண்டு பெயர்களையும் அளந்தார். பிறகு அட்டையை மடித்து அச்சக உரிமையாளரின் மேசை மேல் வைத்துவிட்டு, வேறு அட்டை வந்தால்தான் பாக்கிப் பணம் தரப்படும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். புதிய அட்டையில் பேராசிரியரின் பெயரே இல்லை.

முன்னுரையை மட்டும் படித்த வாசகருக்கு அந்த அளவுகோல் தெரிய வராது.

ஜனவரி 21

அளவுகோலை ஏன் கைப்பையில் வைத்திருந்தார் என்று கேட்ட நண்பருக்கு: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியையின் கைப்பையில் அளவுகோல் இல்லாமல் இருந்தால்தான் வியக்க வேண்டும்.

ஜனவரி 27

ராஜம் கிருஷ்ணனைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். 1925இல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம் ஆயிற்று. முறையான கல்லூரிப் படிப்பு கிடையாது. ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். இவையெல்லாம் எந்தக் குறிப்பிலும் கிடைக்கும் செய்திகள். நான் சொல்ல வருவது அவர் வேலை செய்த முறை. நீலகிரியின் படுகர் வாழ்க்கையை வைத்துக் ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை வைத்துக் ‘கரிப்பு மணிகள்’, கடற்கரையின் மீனவர்களை வைத்து ‘அலைவாய்க் கரையில்’, சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர்களை வைத்து ‘முள்ளும் மலர்ந்தது’, கோவாவின் விடுதலையை வைத்து ‘வளைக்கரம்’, விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்வை வைத்துப் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று அவர் எழுதியவற்றின் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் போய், தங்கி, அந்த மக்களிடம் கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதினார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் இந்தப் பயணங்களுக்கு வீட்டில் என்ன காரணம் சொல்லியிருப்பார், ஊரில் யாருக்கெல்லாம் விளக்கம் அளித்திருப்பார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘கரிப்பு மணிகள்’ படித்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். பாத்தியில் நீர் கட்டுவது, உப்பை வாருவது, வெயிலில் கண் கூசுவது, காலில் வெடித்த புண்ணில் உப்பு நீர் படுவது ஆகியவற்றை நூலகத்தில் உட்கார்ந்து யாரும் எழுதிவிட முடியாது.

ஜனவரி 28

“கணவர் மின்பொறியாளர், பணியிட மாற்றம் ஆகும்போது கூடவே போனார், அதனால் ஊர்கள் கிடைத்தன” என்று எழுதிய நண்பருக்கு: நீலகிரியைப் பொறுத்தவரை அது சரி. கணவருக்கு வேலை அங்கே இருந்ததால்தான் குறிஞ்சித்தேன் பிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே குடியிருப்பில் இருந்த மற்ற பொறியாளர்களின் மனைவியருக்கும் அதே மலைதான் கிடைத்தது. தவிர, சம்பல் பள்ளத்தாக்குக்குத் தமிழ்நாட்டு மின்வாரியம் யாரையும் மாற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

இருந்தாலும் அந்தக் கணவரை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. மனைவி தகவல் சேகரிக்க ஊர் ஊராகப் போவதைத் தடுக்காமலிருந்ததும், ஊக்கியதும் அக்காலத்தில் சிறிய செய்தி அல்ல. என் மனத்தை உறுத்துவது வேறு. ஆண் எழுத்தாளர் ஒருவர் மாதக்கணக்கில் ஊர் சுற்றித் திரும்பினால் அவருடைய மனைவியின் ஒத்துழைப்பைப் பற்றி எந்த நேர்காணல்காரரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் இதே பணிவான பதில்தான் வாயில் வந்திருக்கும்.

பிப்ரவரி 3

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமை பெறாது. லட்சுமி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுதினார். கதை எழுதிக் கிடைத்த பணத்தில் ஒரு பெண் மருத்துவரானார் என்பது எனக்கு எப்போதும் உற்சாகம் தரும் செய்தி. பிறகு தென் ஆப்பிரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, திரும்பி வந்து, மீண்டும் எழுதி, 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தம் எழுத்து வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘கதாசிரியையின் கதை’. கையில் ஸ்டெதாஸ்கோப்புடன் வாழ்ந்தவர், தம் கதையை மருத்துவரின் கதை என்று அழைக்கவில்லை. அந்தத் தலைப்பு ஒன்றே கேள்வி கேட்டவருக்குப் பாதி விடை சொல்லும்.

“பணத்துக்காக எழுதியது எப்படி லட்சியமாகும்?” என்று இதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார். சன்மானம் வாங்குவதை இழிவாகக் கருதும் பேச்சு, வேறு வருமானம் உள்ளவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மணியார்டரில் தம் பெயருக்குப் பணம் வருவது அக்காலப் பெண் ஒருவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை, அதை வாங்கிக் கையெழுத்திட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு வந்த முதல் மணியார்டர் சிறு தொகைதான். அந்தப் படிவத்தின் கீழ்த்துண்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4

ஆம், நானும் சில சிறுகதைகள் எழுதியவள்தான். நேற்று எழுதியதைப் பார்த்துப் பலர் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். முதல் கதை அச்சில் வந்தபோது உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “நீ கதையெல்லாம் எழுதுவாயா?” என்று கேட்டார். “சும்மா எழுதிப் பார்த்தேன் பெரியப்பா” என்றேன். அந்தக் கதையை நான் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதியிருந்தேன். ஒவ்வோர் இதழுக்கும் தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையுடன் அனுப்பி, திரும்பி வந்த பிரதியில் மடிப்பு தெரியாமலிருக்கப் புதிதாகப் படியெடுத்து, அடுத்த இதழுக்கு அனுப்பியிருந்தேன். கடைசியில் வெளியிட்ட இதழ், என்னைக் கேட்காமலேயே முடிவை மாற்றி, வீட்டை விட்டுப் போன பெண்ணைத் திரும்பி வரச் செய்திருந்தது. பெரியப்பாவுக்குப் பிடித்திருந்தது அந்த முடிவுதான்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

அந்த முடிவினால் நான் எழுதுவதை நிறுத்தினேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு இரக்கம் வரும், எனக்கும் வசதியாக இருக்கும். பிறருடைய எழுத்தைத் திருத்தும் வேலையில் எனக்கு உண்மையாகவே ருசி ஏற்பட்டது. நல்ல மெய்ப்பாளர் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை, கதாசிரியை ஆக வேண்டும் என்ற ஆசையை விடப் பெரிதாக வளர்ந்தது. லட்சியம் இடம் மாறுவதும் உண்டு. அதையெல்லாம் தோல்விக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பிப்ரவரி 11

கவிஞர் சல்மாவைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருப்பதைப் படித்தேன். துவரங்குறிச்சியில் பருவம் எய்திய வயதில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டதையும், திருமணத்துக்குப் பிறகு இரவில் கழிப்பறைக்குள் நின்று எழுதியதையும், எழுதிய தாள்களை மறைத்து வைத்துத் தாயார் மூலம் வெளியே அனுப்பியதையும் அவரே பல இடங்களில் கூறியிருக்கிறார். ராஜாத்தி என்ற பெயரை மறைத்துச் சல்மா என்ற பெயரில் எழுதியதும் அதனால்தான்.

இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியே எனக்கு மனக்குறை. ஒரு கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்தியவர் நெடுநேரம் கழிப்பறையைப் பற்றியே பேசினார், கவிதையிலிருந்து ஒரு வரி கூடச் சொல்லவில்லை. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்தது. 2001இல் பேரூராட்சித் தலைவரானார். 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற பெரிய நாவல் வந்தது. ஒளிந்து சிறு கவிதை எழுதியவர், அந்தச் சமூகத்தின் பெண்கள் அத்தனை பேரையும் உள்ளே கொண்டுவரும் அளவுக்கு விரிந்த ஒரு நாவலைத் திட்டமிட்டு எழுதுகிறார் என்றால், பேச வேண்டியது அந்த வடிவ மாற்றத்தைப் பற்றி அல்லவா? துன்பத்தை மட்டும் பேசினால், எழுதியது துன்பம்தான், அந்தப் பெண் அல்ல என்று ஆகிவிடுகிறது.

முதல் குறிப்பில் கோதைநாயகி அம்மாளின் ஐந்தரை வயதுத் திருமணத்தை நானே முதலில் எடுத்து வைத்தேன் என்பதையும் யாராவது கவனித்திருப்பீர்கள். அதைத் தவிர்க்கவும் முடியவில்லை. எங்கிருந்து புறப்பட்டார் என்று சொல்லாமல் எவ்வளவு தூரம் வந்தார் என்று சொல்வது கடினம். இந்தச் சிக்கலுக்கு என்னிடம் தீர்வு இல்லை.

பிப்ரவரி 12

“தமிழில் பெண் ஒருவர் தம் தொழில் திறமையை வெளிப்படையாகப் பெருமிதத்துடன் சொன்னதே இல்லையா?” என்ற கேள்விக்கு ஒரே பதில்: புறநானூறு 206. அதியமான் பரிசில் தர நாள் கடத்துகிறான். ஔவையார் வாயிற்காவலனை அழைத்து, உன் அரசன் தன்னையும் அறியவில்லை, என்னையும் அறியவில்லை போலும் என்கிறார். அறிவும் புகழும் உடையவர்கள் செத்து உலகம் வெறுமையாகிவிடவில்லை என்கிறார். யாழைக் காவிக்கொண்டு, கருவிப் பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு, கை வல்ல தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ அப்படி எங்களுக்கு உலகம் என்று சொல்லிவிட்டு, “எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே” என்று முடிக்கிறார். ஈராயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு முன்னுரையில் பச்சை மைக்கோடு விழுகிறது. இடையில் நடந்தது என்ன என்பதை வரலாற்று மாணவர்கள் யாராவது எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

நாவலாசிரியர் ப. சிவகாமியின் பெயரை இங்கே சேர்க்க வேண்டும். ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. தலித் பெண் ஒருவர் எழுதிய முன்னோடி நாவல் என்று பாராட்டும் பெற்றது, சொந்தச் சமூகத்தின் தலைமையை விமர்சித்தது என்ற எதிர்ப்பும் பெற்றது. சில ஆண்டுகள் கழித்து அவர் ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற இன்னொரு நூலை எழுதினார். அதில் அந்த நாவலாசிரியரே தம் ஊருக்குத் திரும்பிச் சென்று, தாம் எதை எழுதினோம், எதை விட்டோம், யாரை எந்தக் கோணத்தில் காட்டினோம் என்று தம் நாவலையே குறுக்கு விசாரணை செய்கிறார். சாதித்தவர்கள் திரும்பிப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் பழைய நினைவுகளையும் நன்றியையும்தான் எதிர்பார்க்கிறோம். இவர் திரும்பிப் பார்த்ததே இன்னொரு படைப்பாயிற்று. இந்த இழையில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் கூடுதல் துணிச்சல் வேண்டியது இதற்குத்தான் என்பது என் கருத்து.

பாமாவின் தன்வரலாற்று நூலான ‘கருக்கு’ (1992) லட்சியத்தோடு தொடங்கப்பட்டதல்ல என்று நண்பர் எழுதியது சரி. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தபின், தம்மைத் தாமே மீட்டுக்கொள்வதற்காக எழுதியதாகத்தான் அவர் சொல்கிறார். அதைப் புத்தகமாக்கியபோது ஊரில் எழுந்த கோபத்தையும் சந்தித்தார். தொடங்கியபோது இல்லாத லட்சியம் எழுதி முடிக்கும்போது வந்து சேரலாம் என்பதற்கு இதை உதாரணமாகக் கொள்கிறேன். ஜனவரியில் நான் பேசியதற்கு இது சற்று மாறானது, இரண்டும் இருக்கட்டும்.

மார்ச் 2

எழுத்தாளர் அம்பையைப் பற்றி இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் காரணம், அவருடைய விஷயத்தில் கேள்வியே எழவில்லை என்பதுதான். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எழுதியவர் அடக்கவுரை எதையும் எங்கும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2021இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது பலருக்கும் தெரியும். அதைவிட இங்கே பொருத்தமானது, 1988இல் மும்பையில் அவர் முன்னின்று தொடங்கிய ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம். எழுத்தாளர்கள், பாடகிகள், நடனக் கலைஞர்கள், போராட்டக்காரர்கள் என்று பலரை உட்கார வைத்துப் பேச விட்டு, ஒலியாகவும் படமாகவும் பதிந்து வைத்தார்கள். பெண் இசைக் கலைஞர்களுடனும் நடனக் கலைஞர்களுடனும் அவர் நடத்திய உரையாடல்கள் 2000த்திலும் 2003இலும் ஆங்கிலத்தில் நூல்களாக வந்தன.

அவற்றைப் படித்தால் கேள்வி கேட்பவர் மாறும்போது விடையும் மாறுவது தெரியும். “குடும்பத்தையும் கலையையும் எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டால் குடும்பத்தைப் பற்றித்தான் விடை வரும். யாரிடம் எத்தனை காலம் கற்றீர்கள், விடியற்காலையில் எங்கே உட்கார்ந்து சாதகம் செய்தீர்கள், எந்தப் பக்கவாத்தியக்காரர் பெண்ணுக்கு வாசிக்க மறுத்தார், கச்சேரிக்கு யார் பேரம் பேசினார் என்று கேட்டால் வேறொரு மனிதர் பேசத் தொடங்குகிறார். இழையைத் தொடங்கிய நண்பர் தாம் படித்த நேர்காணல்களை மீண்டும் எடுத்து, விடைகளை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 5

ராஜம் கிருஷ்ணனின் கடைசிக் காலத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதை ஒருவர் சுட்டியிருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன், பிப்ரவரி 11ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன காரணம்தான். கேட்டுவிட்டதால் சொல்கிறேன். கணவர் மறைந்தபின், சேமிப்பை இழந்து, முதியோர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. 2009இல், அவர் உயிருடன் இருக்கும்போதே, அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை அளித்தது. 2014இல் காலமானார். வழக்கமாக எழுத்தாளர் மறைந்தபின் அவருடைய வாரிசுகளுக்குக் கிடைப்பது, இவருக்கு உயிரோடிருக்கும்போதே தேவைப்பட்டது.

அதே தலைமுறையின் ஆர். சூடாமணி, திருமணம் செய்துகொள்ளாமல், பரபரப்பில்லாமல் எழுதி, 2010இல் மறைந்தபோது, தம் சொத்து முழுவதையும் அறப்பணிகளுக்கு எழுதி வைத்திருந்தார். இருவரையும் அருகருகே வைத்து யாரும் பாடம் படிக்க வேண்டாம். ஒருவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, மற்றவருக்கு இல்லை. எழுத்து மட்டுமே இருவருக்கும் சோறு போட்டிருக்க முடியாது என்பதே உண்மை நிலை.

மார்ச் 6

முதல் நாவலை முடித்திருக்கும் இளம்பெண் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதற்கு, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை படிகள் அச்சாகின்றன, ராயல்டி எத்தனை விழுக்காடு, கணக்கு ஆண்டுக்கு எந்த மாதம் தரப்படும், நூலக ஆணை (நூலகங்களுக்குப் படிகள் வாங்கும் ஆணை) கிடைத்தால் அந்தப் படிகளுக்கும் ராயல்டி உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையையும், ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. முன்னுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன், கட்டணம் உண்டு.